கொடிக்கயிற்றிலிருந்து கொலுப்படிக்கு

திருச்சுழியைத் தாண்டி நரிக்குடிப் பக்கம் போகிறவர்கள் வழிநெடுக வேலியைப் பார்த்துக்கொண்டே போகலாம். சீமைக்கருவேல முள்மேல் துணி காய்ந்துகொண்டிருக்கும். கைலி, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் விரித்துப் போட்டிருப்பார்கள். ஆடிக் காற்று எவ்வளவு வீசினாலும் ஒரு துணிகூடப் பறக்காது. முள் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போதுதான் நிதானம் வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் கிழிந்துவிடும். என் அம்மாச்சி ஒவ்வொரு முள்ளாக விடுவித்துச் சேலை எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஊரில் துணி கிளிப் என்ற சாமானுக்கு வேலையே இருந்ததில்லை.

திருச்சுழிக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, எங்கள் அருப்புக்கோட்டையில் கதை வேறு. நெசவாளர் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். முற்றத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொள்ளும், மீதியில் சாயம் தோய்த்த நூல்சிட்டம் தொங்கும். துணி காயப்போட மொட்டை மாடிதான் கதி. அங்கே காற்றுக்குத் தடை ஏது? எங்கள் வீட்டு வேட்டி மூன்று வீடு தள்ளிப் போய் விழும். கிளிப் எங்கள் தெருவுக்கு வந்தது அப்படித்தான். முதலில் வந்தவை பிளாஸ்டிக். பங்குனி, சித்திரை, வைகாசி என்று மூன்று மாத வெயில் குடித்ததும் அவை நிறம் வெளுத்து, அழுத்தினால் விரலுக்குள்ளேயே நொறுங்கும். பிறகுதான் மரக்கிளிப்புக்கு மாறினோம். மழை அதிகமான ஊர்களில் மரக்கிளிப் பூசணம் பிடித்துக் கறுக்கும். கம்பி துருப்பிடித்து வெள்ளைத் துணியில் கறை வைக்கும். ஐப்பசி, கார்த்திகை போனால் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய எங்கள் பூமியில் அந்தத் தொல்லை குறைவு. வெயில் பட்டுப் பட்டு மரம் சாம்பல் நிறத்துக்குப் போகும், வெள்ளியைப் போல லேசாக மினுங்கும். புதுக் கிளிப்பில் இல்லாத அழகு அதற்கு உண்டு.

அந்தப் பழைய கிளிப்புகளைத்தான் என் சித்தி தூக்கிப் போடாமல் ஒரு பால் பவுடர் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். கம்பி போனவை, ஒரு பக்கம் உடைந்தவை எல்லாம் அதில் கிடந்தன. ஒரு நவராத்திரிக்கு அந்த டின்னையே கிணறாக்கிவிட்டார். டின்னின் விளிம்பைச் சுற்றி நல்ல கிளிப்புகளை நெருக்கமாகக் கவ்வ விட்டார். அவ்வளவுதான், கிணற்றுச் சுவர் எழும்பிவிட்டது. உடைந்தவற்றைப் பிரித்து ஒட்டி, மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைக்குக் கால் செய்தார். தீப்பெட்டி அட்டையைச் சுருட்டிச் சால், பழைய பர்ஸ் தோலில் அதன் வாலான தும்பி, நான்கு இழை நூலை முறுக்கி வடம். கொலுவில் செட்டியாரும் தசாவதாரமும் இருந்த படிகளைத் தாண்டி, தரையில் விரித்த கிராமத்துக்கு நடுவில் அந்தக் கமலைக் கிணறு நின்றது. கொலு பார்க்க வந்த கிழவர்கள் படியைப் பார்க்கவில்லை. குனிந்து உட்கார்ந்து கிணற்றைப் பார்த்தார்கள். ஒருவர் சாலின் மேல் விரலை வைத்து, "வால்கயிறு எங்கத்தா?" என்று கேட்டார். மறுநாள் தும்பியைப் பிடித்து இழுக்கும் அந்த வால்கயிறும் வந்துவிட்டது.

இந்தக் கட்டுரைக்கு விதை அந்தக் கேள்விதான்.

கிளிப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நீளம் ஏழு சென்டிமீட்டர் சொச்சம். ஒரே அச்சில் வார்த்தது போன்ற இரண்டு மரத்துண்டுகள், நடுவில் சுருள் கம்பி. கம்பியைப் பக்கவாட்டில் நெம்பினால் துண்டுகள் தனியாக வந்துவிடும். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாய்ப் பக்கம் அரைவட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். கொடிக்கயிறு உட்காரும் இடம் அது. அதற்குப் பின்னால் கம்பியின் சுருள் உட்காரச் சின்னப் பள்ளம் ஒன்று. அங்கிருந்து வால் வரைக்கும் மரம் சரிந்து மெலியும். வெளிமுதுகு மட்டும், கம்பிக்கால் படியும் கீறலைத் தவிர, பலகை போலச் சமம். இப்போது இரண்டு துண்டுகளின் முதுகையும் ஒன்றோடொன்று ஒட்டுங்கள். பள்ளங்கள் இரண்டு புறமும் ஒரே அளவில் வெளியே தெரியும். ஒரு முனை கனத்து மறுமுனை கூர்ந்து, கடைசல் பிடித்த நாற்காலிக்கால் போல ஒரு உருவம் கிடைக்கும். உளி, இழைப்புளி எதையும் தொடாமலே கைக்கு வரும் வேலைப்பாடு இது. கிளிப் கைவினை முழுவதும் இந்த ஒரு சூட்சுமத்தில்தான் நிற்கிறது. கூர்ந்த வால்கள் நடுவில் கூடும்படி எட்டு ஜோடிகளை வட்டமாக வைத்தால் பூ. பன்னிரண்டு வைத்தால் நட்சத்திரம். நிமிர்த்தி வைத்தால் ஊஞ்சல் கால், தேர்க்கால், வேலிக்கம்பு.

வடிவம் இவ்வளவு கச்சிதமாக அமைந்ததற்குக் காற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் முன்பாதி வரை மேல்நாடுகளில் புழங்கியது ஒற்றைக்கட்டைக் கிளிப். ஒரு குச்சியை நடுவில் பிளந்து, உருண்டைத் தலையோடு விட்டிருப்பார்கள். துணிமேல் சொருக வேண்டியதுதான். பலத்த காற்றில் அது கழன்று விழுந்துவிடும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்க்காரர் டேவிட் ஸ்மித், 1853-இல் இரண்டு மரத்துண்டுகளைக் கம்பியால் சேர்த்துக் கவ்வும் கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றால் கழற்ற முடியாது என்பதுதான் அவர் முன்வைத்த பெருமை. 1887-இல் அதே மாநிலத்தின் சோலன் மூர் ஒரே கம்பியைச் சுருட்டி, அந்தச் சுருளையே கீலாகவும் வில்லாகவும் வேலை செய்ய வைத்தார். இன்று நம் கொடியில் இருப்பது ஏறத்தாழ அதே கிளிப்தான். வெர்மான்டின் மான்ட்பீலியர் நகரில் இதற்கென்றே பெரிய தொழிற்சாலைகள் நடந்தன. மலிவு இறக்குமதியும் துணி உலர்த்தும் இயந்திரமும் அவற்றைக் கரைத்தன. அங்கே கடைசிவரை தாக்குப்பிடித்த நிறுவனம் 2002-இல் மரக்கிளிப் செய்வதை நிறுத்திக்கொண்டது. அந்தத் தொழில் நடத்திய ஒருவரின் கல்லறையில் நடுகல்லையே கிளிப் வடிவத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிலடெல்ஃபியா நகர மன்றத்துக்கு எதிரே 1976-இல் சிற்பி கிளேஸ் ஓல்டன்பர்க் 45 அடி உயரத்துக்கு இரும்புக் கிளிப் ஒன்றை நிறுத்தினார். அதன் கம்பிச் சுருளில் 7, 6 என்ற எண்கள் தெரியும். அந்த நாட்டின் இருநூறாவது ஆண்டு அது. கொடியில் தொங்கும் ஒரு சாமானுக்கு இத்தனை மரியாதை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தப் பழைய ஒற்றைக்கட்டைக் கிளிப்பின் மறுவாழ்வு. உருண்டைத் தலையும் இரண்டு காலும் உள்ள கட்டையைக் குழந்தை கையில் கொடுத்தால் என்ன செய்யும்? கண், வாய் வரையும். துணி சுற்றும். பெயர் வைக்கும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கிளிப் பொம்மைகள் அப்படித்தான் பிறந்தன. நம் வீட்டு மரப்பாச்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள். செஞ்சந்தனக் கட்டையில் செதுக்கிய நேரான உடம்பு, உடம்போடு ஒட்டிய கை, மடங்காத கால். மிச்சத்தை எல்லாம் துணியும் பாசிமணியும் குழந்தையின் மனசும் பார்த்துக்கொள்ளும். கல்யாணச் சீரோடு வந்து, கொலுவின் மேல்படியில் ஜோடியாக நின்று, நவராத்திரி தவிர மற்ற நாளில் பிள்ளைகள் மடியில் கிடக்கும் அந்தப் பொம்மைக்குக் கிளிப் பொம்மை ஒன்றுவிட்ட தங்கை. குறைவாகச் செதுக்கிய பொம்மையில்தான் குழந்தைக்கு இடம் அதிகம் இருக்கிறது.

தார் சுற்றிய விரல்கள்

கிளிப் கைவினை என்றால் நகரத்துப் பிள்ளைகளின் கோடை விடுமுறைப் பொழுதுபோக்கு என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விருதுநகர் மாவட்டத்துக் கைகளுக்குச் சின்னக் குச்சியும் மெல்லிய இழையும் புதிதல்ல. ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் படித்து வந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டி வேலையைத் தொடங்கினார்கள். அதிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் கட்டை அடுக்கியிருக்கிறார்கள். சட்டத்தின் பள்ளத்தில் குச்சியைப் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல், தலை முன்னே பின்னே போகாமல் வரிசை பிடிக்க வேண்டும். கண் அங்கே இங்கே போனாலும் விரல் தவறாது. குழந்தைகளை அந்த வேலையில் உட்கார வைத்த காலமும் இருந்தது. அதைப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1986-இல் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும் நிற்க நெடுநாள் ஆனது. நான் சொல்வது பெரியவர்கள் கையில் ஊறிய பழக்கத்தை.

அருப்புக்கோட்டையில் அந்தப் பழக்கம் நூல்வழி வந்தது. பாவு தெருவில் நீளும், ஆண்கள் தறியில் உட்காருவார்கள், நாடாவுக்குள் போகும் தாரைச் சுற்றுவது பெண்கள் பாடு. இடது கையால் இழையை விட்டு, வலது கையால் ராட்டையைச் சுழற்றி, மேடு பள்ளம் இல்லாமல் தார் நிரப்ப வேண்டும். சித்தி ஐம்பது வருஷம் தார் சுற்றியவர். விசைத்தறி வந்து கைத்தறிகள் ஒவ்வொன்றாக மூலைக்குப் போன பிறகும் அவர் விரல்கள் ஓயவில்லை. "கையச் சும்மா வச்சிருந்தா எனக்கு மேலுக்கு முடியாமப் போயிருதுய்யா" என்பார்.

அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் பாடம் பசை. நான் ஃபெவிகாலைப் பிதுக்கித் தாராளமாகத் தடவினேன். "ஏய்யா, அள்ளிக் கொட்டாத. பாவுக்குக் கஞ்சி போடுற மாதிரி போடணும். இழை குடிக்கிற அளவு போதும்" என்றார். எவ்வளவு சரியான பேச்சு! வெள்ளைப் பசையில் இருப்பது தண்ணீர். மரம் அதைக் குடித்தால்தான் பிடிப்பு. சித்திரை வெயிலில் வறண்டு கிடக்கும் கிளிப் தண்ணீரை மளமளவென்று இழுத்துக்கொள்ளும். துண்டுகளைச் சேர்ப்பதற்குள் மேலே ஏடு படிந்துவிடும், மறுநாள் ஒட்டு உரிந்து வரும். அதனால் ஈரத்துணியால் முதுகை ஒருமுறை துடைத்துவிட்டுப் பசை தடவுவார். ஐப்பசியில் அது தேவைப்படாது. ஒட்டிய ஜோடியை அழுத்திப் பிடித்து வைக்க வேறு ஆயுதம் வேண்டாம். நல்ல கிளிப் இரண்டை எடுத்து அந்த ஜோடிமேலேயே மாட்டிவிடுவார். கிளிப்பைக் கிளிப்பே பிடித்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க அப்படியே இருந்தால் காலையில் ஒரே கட்டை.

அடுத்தது நிறம். கடைகளில் கிடைக்கும் மினுமினுப்புத் தூளைச் சித்தி கிட்டே சேர்க்கமாட்டார். எனக்கும் அது ஆகாது. மரத்தின் ரேகையை அது மூடிவிடும், கொஞ்ச நாளில் உதிர்ந்து சோற்றிலும் கிடக்கும். கெட்டித் தேயிலைச் சாற்றில் ஓர் இரவு ஊறப்போட்டால் புது மரத்துக்கும் பழமை வந்துவிடும். நிறம் வேண்டிய இடத்தில் நூல். சேலை அறுத்த பிறகு தறியில் மிஞ்சும் துண்டு இழைகள், சாயப்பட்டறையில் கழித்த சிட்டங்கள் என்று எங்கள் தெருவில் கிடைக்காத நிறமே இல்லை. கிளிப்பின் நடுப்பள்ளத்தில் முடி போட்டு, தார் சுற்றுகிற அதே சீரில் இழையைச் சுற்றி இறுக்குவார். இழைக்கு இழை இடைவெளி தெரியாது. மயில்கழுத்து நிறமும் அரக்கும் மாறி மாறி வரும் அவர் நட்சத்திரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் சேலைக்கரையை வட்டமாக வளைத்தது போல இருக்கும். வேறு ஊரில் யாராவது கிளிப்பில் நட்சத்திரம் செய்யலாம். அந்தச் சுற்று வேறு ஊரில் வராது.

பழைய கிளிப் நல்லதா, புதுசு வாங்கி உடைக்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. உழைத்து ஓய்ந்ததை எடுத்துச் செய்வதுதான் முறை என்பேன். துணி பிடிக்கிற வேலை பாக்கி இருக்கும் கிளிப்பைப் பாக்கெட்டோடு பிரித்து உடைக்க எனக்கு மனசு வராது. கழற்றிய கம்பிகளையும் தூக்கிப் போடாதீர்கள்; வீட்டில் மிச்சமிருக்கும் கிளிப்புகளுக்குக் கம்பி தளர்ந்தால் மாற்றலாம்.

கூலி எங்கே போயிற்று?

இனி எனக்கு வருத்தமான பகுதி. சித்தியின் கமலைக் கிணற்றைப் பார்த்த ஒருவர், அதே போல ஒன்று விலைக்கு வேண்டும் என்றார். எவ்வளவு தருவீர்கள் என்றோம். ஐம்பது ரூபாய் என்றார். "வெறும் கிளிப்தானே" என்றும் சொன்னார். சித்தி முகம் மாறவில்லை, சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினார். எனக்குத்தான் ஆறவில்லை. அந்தக் கிணறு முழுசாக இரண்டு நாள் வேலை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் வைத்த நாள்கூலி 336 ரூபாய். இரண்டு நாளுக்கு 672. வரப்பு வெட்டும் கைக்கு நாடு கொடுக்கும் அந்தக் குறைந்தபட்ச மதிப்பையாவது கிணறு செய்த கைக்குக் கொடுக்க வேண்டாமா? பொருளின் விலையைக் கச்சாப் பொருளில் தேடுகிறோம். அந்தக் கணக்கில் பார்த்தால் சேலைக்கும் நூல் விலைதான் கொடுக்க வேண்டியிருக்கும். நெய்தவன் எங்கே போவான்?

விற்க வழி இல்லாமலும் இல்லை. 1973-இல் தொடங்கிய பூம்புகார் நிறுவனம் கைவினைஞர்களுக்கு ஒரு பெரிய திண்ணை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் இன்று ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. குழுக்களின் பொருள்களை விற்க மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வளாகங்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே கிளிப் பொருள் வந்து நிற்க வேண்டுமானால், கடைக்குக் கடை கிடைக்கும் அதே இதயத்தையும் அதே வாழ்த்துப் பலகையையும் செய்துகொண்டு போவதில் பயன் இல்லை. இயந்திரம் அதைவிட மலிவாகச் செய்து கப்பலில் ஏற்றிவிடும். கமலை செய்யுங்கள். கரி மூட்டம் செய்யுங்கள். திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் தேரைச் செய்யுங்கள். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த வீட்டைப் பார்க்க உலகத்தின் பல மூலையிலிருந்தும் அந்தச் சின்ன ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள்; திரும்பும்போது அந்த ஊர்க் கையால் செய்த ஒரு சாமானைக் கொண்டுபோகக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா?

முள்ளுக்குள் வைரம்

ஒரு கேள்வி நெடுநாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. எங்கள் கைக்கு வரும் மரக்கிளிப்பின் மரம் எங்கள் ஊருடையது அல்ல. தீக்குச்சிக்கான மெதுமரமும் கேரளத்திலிருந்துதான் லாரியில் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம் நிற்கும் பூமியில் ஏழு சென்டிமீட்டர் மரத்துக்கு ஏன் வெளியூரைப் பார்க்க வேண்டும்?

சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதுதான் இங்கே அறிந்த வழி. திருச்சுழி, நரிக்குடி, கமுதி வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொல்லி ஆணையிட்டதும், மாவட்டம் முழுக்கப் பொக்லைன் ஓடியதும் நினைவிருக்கும். அந்த வழக்கு இங்கே நமக்கு வேண்டாம். வெட்டுவது உறுதி என்றால், வெட்டியதில் ஒரு பங்காவது கரியாகாமல் கைக்கு வரலாமே என்பதுதான் என் ஆசை. இதன் உறவு மரங்களில் அர்ஜென்டினாவில் வீட்டுத்தரைக்குப் பலகை பதிக்கிறார்கள். டெக்சாஸில் மேஜை நாற்காலி செய்கிறார்கள். காய்ந்தாலும் அதிகம் சுருங்காது, முறுக்கிக்கொள்ளாது என்பது அந்த மரத்தின் நல்ல குணம். எங்கள் ஊரில் அது பலகைக்கு ஆகாமல் போனதற்குக் காரணம் உருவம். அடியிலிருந்தே கிளைத்து, கோணிக்கொண்டு, கை கனத்தில் வளரும். நாற்காலிக்கு அது போதாது. கிளிப்புக்கு ஏழு சென்டிமீட்டர் நேராக இருந்தால் போதும்.

மூட்டம் போடும் இடத்தில் கேட்டு வாங்கிய இரண்டு கட்டைகளோடு ஆசாரியிடம் போனேன். தட்டிப் பார்த்துவிட்டு, "காஞ்ச பெறகு கொண்டு வந்திருக்கீங்க. இதுல ரம்பத்துக்குப் பல்லு போயிரும். ஈரத்துல அறுத்து நெழல்ல காயப் போடணும்" என்றார். அடுத்த முறை பச்சைக் கட்டையோடு போனேன். வெளியே மஞ்சளாகத் தெரியும் வெள்ளைப் பாகத்தை ஒதுக்கச் சொன்னார்; உளுத்துப் போகும். உள்ளே வைரம் கருஞ்சிவப்பாக இருந்தது, புதிதாக உடைத்த கருப்பட்டி நிறம். துண்டு போட்டு, ஒரு மாதம் நிழலில் உலர்த்தி, அரத்தால் பள்ளம் பிடித்து, பழைய கிளிப்பின் கம்பியை மாட்டினோம். முதல் கிளிப்புக்கு வாய் சேரவில்லை. இரண்டாவது கம்பி மாட்டும்போது பிளந்தது. ரேகை ஓட்டம் பார்த்து அறுக்கவில்லை என்று ஆசாரி தன்மேலேயே கோபப்பட்டார். மூன்றாவது நின்றது.

கடைக் கிளிப்பைவிடக் கனம் அதிகம். கொடியில் மாட்டினால் கயிறு லேசாகத் தாழ்கிறது. அம்மாச்சியின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த அதே மரம், இப்போது கிழிக்காமல் பிடிக்கிறது. இதுவரை ஐந்து சேர்ந்திருக்கிறது. பன்னிரண்டு வந்தால் இந்தப் புரட்டாசிக்குக் கமலைக்காலை மாற்றிவிடலாம் என்று சித்தி சொல்லியிருக்கிறார். வால்கயிற்றுக்கு இழை இப்போதே முறுக்கி வைத்தாயிற்று.